அக்ராபா எங்கே இருக்கிறது?

போன கோடையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பண்பாட்டு ஏகாதிபத்தியம் பற்றிய அமர்வு. பேசியவர் பேராசிரியர். நிறையப் படித்தவர், இடதுசாரி, கூட்டத்தைக் கட்டிவைக்கத் தெரிந்தவர். அமெரிக்கனுக்கு உலகம் தெரியாது என்பதற்கு எடுத்துக்காட்டாக ஒரு கதை சொன்னார். 2015 டிசம்பரில் பப்ளிக் பாலிசி போலிங் என்ற நிறுவனம் அங்கே ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. 'அக்ராபா மீது குண்டு வீசுவதை ஆதரிக்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி. குடியரசுக் கட்சி வாக்காளர்களில் நூற்றுக்கு 30 பேர் ஆதரிக்கிறோம் என்றார்கள். 13 பேர் எதிர்த்தார்கள். அக்ராபா என்றொரு ஊர் இந்த உலகத்தில் கிடையாது. டிஸ்னி நிறுவனம் 1992இல் வெளியிட்ட 'அலாதீன்' கார்ட்டூன் படத்தில் வருகிற ஊர் அது.

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்த தோழர் என் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

சிரித்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. எங்கே உட்கார்ந்துகொண்டு சிரித்தோம் என்பதுதான் அன்று இரவு முழுக்க என்னை அரித்தது. அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் அந்தக் கணிப்பையே முழுசாகப் பார்க்கணும். பேராசிரியர் சொல்லாமல் விட்ட எண்கள் இருக்கின்றன. குடியரசுக் கட்சிக்காரர்களில் 57 பேர் 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்றிருக்கிறார்கள். சனநாயகக் கட்சி வாக்காளர்களிடமும் இதே கேள்வி கேட்கப்பட்டது. 19 பேர் போடலாம் என்றார்கள், 36 பேர் போடக்கூடாது என்றார்கள். போடக்கூடாது என்றவருக்கு மட்டும் அக்ராபா எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்ன? அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் 'தெரியல' ஒன்றுதான். குடியரசுக் கட்சிக்காரர்களில் பாதிக்கு மேல் அதைத்தான் சொன்னார்கள். அவர்களை வைத்துச் சிரிக்க முடியாது. அதனால் கதையில் அவர்களுக்கு இடமில்லை. மாட்டிவிடுவதற்கென்றே கேட்கப்பட்ட கேள்வி அது, அதுவும் வாஸ்தவம்.

ஆனாலும் அந்த 30 சாதாரண எண் இல்லை. பெயரைக் கேட்டதுமே அது அரபுப் பெயர் மாதிரி ஒலித்தது. ஒலித்ததுமே குண்டு போடலாம் என்று தோன்றியது. அந்தக் காதை அவர்களுக்குச் செய்துகொடுத்தது யார்?

'அலாதீன்' படத்தை நான் ஆதிதிராவிடர் நல விடுதியில் இருந்தபோது பார்த்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போக பஸ் காசில்லாமல் தங்கிவிட்ட நாலு பேர், வாடகை டிவிடி, வார்டன் இல்லாத ராத்திரி. பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கும், மறைக்க ஒன்றுமில்லை. ஒரு ரொட்டியைத் திருடிவிட்டுச் சந்து சந்தாக ஓடுகிறான் ஒரு அனாதைப் பையன். பின்னால் வாளோடு காவலர்கள். 'நம்ம பையன்டா இவன்' என்று கத்தினான் என் கட்டிலுக்கு எதிர்க்கட்டில்காரன். மென் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, இப்படித்தான். நம் பசியை எடுத்து, அதற்கு நல்ல சாயம் பூசி, நமக்கே திருப்பித் தருகிறது. நாம் விசில் அடிக்கிறோம்.

ஆனால் அந்தப் பையன் முகம் யாருடைய முகம்? டாம் க்ரூஸை மாதிரியாக வைத்துத்தான் வரைந்தார்கள். அவனும் இளவரசியும் அமெரிக்க உச்சரிப்பில் பேசுவார்கள். கடைக்காரனும் காவலனும் வில்லனும் வளைந்த மூக்கு, கறுத்த முகம், கொச்சையான அயல் உச்சரிப்பு. ஒரே ஊரில் பிறந்தவர்களுக்கு ரெண்டு நாக்கு. நாயகன் சிவப்பு, அடியாள் கறுப்பு என்பது தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நமக்குத் தெரியாத இலக்கணம் இல்லை. படத்தின் தொடக்கப் பாட்டில் அரபு நிலத்தில் முகம் பிடிக்காவிட்டால் காதை அறுப்பார்கள் என்கிற மாதிரி வரிகள் இருந்தன. அமெரிக்காவில் வாழும் அரபு மக்களின் அமைப்பு சண்டை போட்டது. 1993இல் வீடியோவாக வந்தபோது அந்த வரிகளை மாற்றினார்கள். அந்த மண்ணைக் காட்டுமிராண்டித்தனமானது என்று சொல்லும் சொல்லை அப்படியே விட்டுவிட்டார்கள். அது போக 2019 வரை ஆயிற்று. ஜாக் ஷாஹீன் என்ற ஆய்வாளர் 900க்கு மேற்பட்ட ஹாலிவுட் படங்களைப் பார்த்து 2001இல் ஒரு புத்தகம் போட்டார். அரபு மனிதர்களை நல்லபடியாகக் காட்டிய படங்கள் ஒரு டஜன்தான் தேறின.

இதையெல்லாம்விட என்னைத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் வேறு. படத்தை இயக்கியவர்களில் ஒருவரான ஜான் மஸ்கர் பின்னாளில் சொன்னது. கதை முதலில் பாக்தாத்தில்தான் நடந்தது. 1991இல் வளைகுடாப் போர் வந்தது. குண்டு விழுந்துகொண்டிருக்கிற ஊரில் குழந்தைகளுக்கான கதையை வைக்க முடியாது என்று மேலே இருந்து சொன்னார்கள். பாக்தாத் என்பதன் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டார். அக்ராபா வந்தது.

அப்படியானால் அந்த 30 பேர் என்ன சொன்னார்கள்? பேராசிரியரே, அவர்கள் இல்லாத ஊரைச் சொல்லவில்லை. அவர்கள் சொன்ன ஊர் இருந்தது, இருக்கிறது. அதன் மேல் குண்டும் போட்டாயிற்று. 1991 பிப்ரவரி 13 அதிகாலையில் பாக்தாத்தின் ஆமிரியா பகுதியில் ஒரு பதுங்கிடத்தின் மேல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த 400 பேருக்கு மேல் செத்தார்கள், பெண்களும் குழந்தைகளும் நிறைய. 1992இல் அந்த ஊர்ப் பெயரை மாற்றி, மந்திரக் கம்பளத்தைப் பறக்கவிட்டு, உலகம் முழுக்க 50 கோடி டாலருக்கு மேல் வசூலித்தார்கள். குண்டு விழுந்த வானத்திலேயே கம்பளம். ஊரின் பெயரை எடுத்துக்கொண்டு அதன் பூகோளத்தையும் எடுத்துவிட்டார்கள். பிறகு குடிமகனிடம் போய் 'அது எங்கே இருக்கிறது' என்று கேட்டால் அவன் எங்கே போவான்? அவன் அறியாமை அவன் தலையில் தானாக முளைத்தது இல்லை. அதற்கு நடிகர்கள் குரல் கொடுத்திருக்கிறார்கள், ஓவியர்கள் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள், ஆஸ்கர் விருதும் கிடைத்திருக்கிறது.

கதையின் வேரைத் தேடிப் போனால் இன்னொரு திருட்டும் தட்டுப்படுகிறது. அலாதீன் கதை ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுச் சுவடிகளில் இல்லை. அந்நூலைப் பிரெஞ்சில் பெயர்த்த அந்துவான் காலான் என்பவருக்கு 1709இல் பாரிசில் வைத்து ஒருவர் அதைச் சொன்னார். ஹன்னா தியாப், அலெப்போ நகரத்துச் சிரியர். சொன்ன கதையில் அலாதீனின் ஊர் சீனா. கதையை விரித்தெழுதி அச்சிட்ட காலான், சொன்னவன் பெயரைப் புத்தகத்தில் போடவில்லை. தன் நாட்குறிப்பில் மட்டும் எழுதிவைத்தார். தியாப் கிழவரானபின் தானே எழுதிய வாழ்க்கைக் கதை வத்திக்கான் நூலகத்தில் கையெழுத்துப் படியாகத் தூங்கியது. அது பிரெஞ்சில் அச்சாகி வந்தது 2015இல், அதாவது அந்தக் கருத்துக்கணிப்பு நடந்த வருஷம். பாடினவள் பெயர் இல்லாமல் நாட்டுப்புறப் பாட்டுத் தொகுப்பு போட்டு முனைவர் பட்டம் வாங்குகிற தேசத்தில் இருந்துகொண்டு காலானைத் திட்ட எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

*

ஜோசப் நை என்கிற அமெரிக்க அறிஞர் 1990இல் 'மென் அதிகாரம்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். படையாலும் பணத்தாலும் பணியவைப்பது ஒன்று. நம்மைப் போல ஆக வேண்டும் என்று மற்றவனையே ஆசைப்படவைப்பது இன்னொன்று, அதுதான் மலிவு, நிலைக்கவும் செய்யும் என்பது அவர் வாதம். சரியாகத்தான் சொன்னார். ஆனால் மேலே இருந்து பார்த்துச் சொன்னார். அவர் கவனமெல்லாம், கவர்கிறவன் எப்படிக் கவர்கிறான் என்பதில். கவரப்படுகிறவன் அந்த நேரத்தில் என்ன கற்றுக்கொள்கிறான், கவர்கிறவன் எதைக் கற்காமல் விடுகிறான் என்ற கணக்கு அவரிடம் இல்லை.

அந்தக் கணக்கு நமக்குத் தெரியும். எங்கள் ஊரில் எந்த வீட்டில் எத்தனை மூட்டை நெல் கிடக்கிறது, எந்தக் கிழவிக்குச் சர்க்கரை, எந்த வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனாள், எல்லாம் என் ஆயாவுக்குத் தெரியும். வாசல் தெளித்து, சாணி அள்ளி, களம் கூட்டித் தெரிந்துகொண்டவள். அவளுக்கு அது பொழுதுபோக்கு இல்லை. முதலாளி முகம் எப்போது மாறும் என்று தெரியாவிட்டால் அன்றைக்குக் கூலி கிடைக்காது, சில நாள் அடியும் கிடைக்கும். ஊர்க்காரருக்கோ சேரியில் எத்தனை தெரு என்றுகூடத் தெரியாது. தெரிந்தாக வேண்டிய அவசியமில்லை. தெரியாமலே அறுபது வருஷம் நல்லபடியாக வாழ்ந்துவிட்டுப் போகலாம். ஆதிக்கம் என்பதற்கு எனக்குத் தெரிந்த எளிய விளக்கம் இதுதான்: மற்றவனைத் தெரிந்துகொள்ளாமலே காலம் தள்ள முடிகிற வசதி.

இதைக் கறுப்பின எழுத்தாளர்கள் எப்போதோ எழுதிவிட்டார்கள். பெல் ஹூக்ஸ் 1984இல் எழுதிய புத்தகத்தின் முன்னுரையில் தன் கென்டக்கி ஊரைச் சொல்கிறார். நடுவில் ரயில் தண்டவாளம். தாண்டினால் வெள்ளையர் பகுதி, நல்ல தெரு, அவர்கள் நுழைய முடியாத கடைகள். வேலைக்காரியாகத் தாண்டலாம், தங்க முடியாது, திரும்பிவிட வேண்டும். அதனால் அவர்களுக்கு ரெண்டு பக்கமும் தெரிந்தது. தண்டவாளத்தை ஓடை என்றும் வாய்க்கால் என்றும் மாற்றிப் படித்துப் பாருங்கள், எந்த ஊர் என்று உங்களுக்கே தெரியும். சார்லஸ் மில்ஸ் என்ற ஜமைக்கா வழித் தத்துவவாதி 1997இல் இன்னும் ஒரு படி போனார். அறியாமை என்பது வெறும் குறை இல்லை, வெள்ளையர் தமக்குள் கையெழுத்துப் போடாமல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் ஒரு பகுதி என்றார். உலகத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வதற்கான ஒப்பந்தம்.

இதற்குச் சாட்சி அமெரிக்கக் கணிப்புகளிலேயே கிடக்கிறது. நேஷனல் ஜியாகரபிக் 2006இல் 18 முதல் 24 வயதுவரை உள்ள அமெரிக்கர்களிடம் எடுத்த ஆய்வில், ஈராக்கை வரைபடத்தில் காட்டத் தெரியாதவர்கள் நூற்றுக்கு 63. அவர்கள் வயதுப் பிள்ளைகள் அங்கே மூன்று வருஷமாகச் சுட்டுக்கொண்டும் செத்துக்கொண்டும் இருந்தார்கள். எல்லோரும் இந்த 63ஐத்தான் எடுத்துச் சொல்வார்கள். அதே ஆய்வில் லூசியானாவைக் காட்டத் தெரியாதவர்கள் மூன்றில் ஒரு பங்கு. லூசியானா அவர்கள் நாட்டின் மாநிலம். 2005 ஆகஸ்டில் கத்ரினா புயல் அடித்து, நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கறுப்பின ஏழைகள் கூரைமேல் ஏறி நின்று கை அசைத்ததை மாதக்கணக்கில் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதற்குப் பிறகும் இது நிலைமை. ஆக அந்நிய நாடு தெரியாதது மட்டும் இல்லை. தன் வீட்டுக் கொல்லைப்புறமே தெரியவில்லை.

2014இல் இன்னொன்று. உக்ரைனை வரைபடத்தில் காட்டுங்கள் என்று 2,066 அமெரிக்கர்களிடம் கேட்டார்கள். ஆறில் ஒருவர்தான் காட்டினார். உக்ரைனுக்கு எவ்வளவு தூரத்தில் விரலை வைத்தார்களோ, அவ்வளவுக்கு அங்கே படை அனுப்ப வேண்டும் என்ற ஆசையும் கூடுதலாக இருந்தது. தெரியாத ஊருக்குப் படை அனுப்புவது சுலபம். தெரியாத தெருவைக் கொளுத்துவதும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஆனால் எங்கள் பக்கத்துக் குடிசைகளைக் கொளுத்தியவர்களுக்கு எங்களைப் பெயர் பெயராகத் தெரியும். இந்த இடத்தில் அமெரிக்காவும் ஊரும் ஒன்றில்லை. ஒப்புமையை இழுத்துக்கொண்டே போக முடியாது.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பேராசிரியர் பக்கத்தில் வந்து நின்றார். 'தம்பிக்கு எந்த ஊரு?' சொன்னேன். முகம் மலர்ந்தது. பக்கத்து ஊர்தானாம் அவருக்கு. ஏரி, ஏரிக்கரை அய்யனார், ஆடித் திருவிழா, பழைய ரைஸ்மில், பெரிய வீட்டு வகையறா எல்லாம் வரிசையாகச் சொன்னார். 'அங்க யார் வீடு?' என்றார். இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று நம்மில் தெரியாதவர் யார்? 'காலனிங்க சார்' என்றேன். ஒரு மடக்கு டீ குடித்தார். 'காலனி... அது எந்தப் பக்கம்? கிழக்காலயா?'

மேற்கே. அவர் ஊருக்குப் போகிற பஸ் எங்கள் தெருவை ஒட்டித்தான் போகிறது. கெட்ட மனிதர் இல்லை அவர். அன்று மேடையில் வியன்னாவின் காபிக் கடைகளைப் பற்றி, போனவர் மாதிரியே பேசினார்.

*

அந்த வாரமே ஊருக்குப் போனேன். என் தாய்மாமனிடம் ஒரு பரீட்சை வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு திமிர். அமெரிக்கனுக்குத் தெரியாத பாக்தாத் எங்கள் தெருவில் ஒருவருக்குத் தெரியும் என்று எழுதிக் காட்டணும், அவ்வளவுதான் நோக்கம்.

மாமா பத்தாவது ஃபெயில். 1988இல் குவைத்துக்குப் போனார். ஏஜெண்டுக்குக் கட்ட எங்கம்மா கம்மலும் ஆயாவின் ரெண்டு ஆடும் போயின. முதலில் கட்டட வேலை, பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கிக் கக்கூஸ் கழுவும் வேலை. கடல் தாண்டியும் அதேதான். 1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் வந்தது. 'விடிஞ்சி எழுந்து பாத்தா தெருவுல டாங்கி நிக்குது மாப்ள. அர்பாப் சவுதிக்கு ஓடிட்டான். எம் பாஸ்போர்ட்டு அவன் பீரோவுல.' தூதரகத்தில் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் பஸ்ரா, அங்கிருந்து பாக்தாத், பாக்தாத்திலிருந்து ஜோர்டான் எல்லை. ருவைஷித் பக்கம் பாலைவனத்தில் கூடாரம். பத்தொன்பது நாள். 'வெயிலுன்னா வெயிலு. நம்ம ஊரு கத்திரி அதுங்கிட்ட பிச்ச வாங்கணும். ராத்திரியானா குளுரு. பாய்க்கு அடியில தேளு.' அப்புறம் அம்மானிலிருந்து பம்பாய்க்கு விமானம். அந்த ரெண்டு மாசத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்களை ஏர் இந்தியா அப்படிக் கொண்டுவந்து சேர்த்தது. அதை வைத்து 2016இல் இந்தியில் படம் எடுத்தார்கள், அக்ஷய் குமார் நடித்தார். படத்தின் நாயகன் பெரிய வியாபாரி.

மாமாவுக்கு அரபு பேச வரும், மலையாளம் வரும், இந்தி வரும். பாலஸ்தீனக்காரன் ஏன் குவைத்தில் வாத்தியாராக இருந்தான், எகிப்துக்காரனுக்கும் பிலிப்பைன்ஸ்காரனுக்கும் நமக்கும் ஒரே வேலைக்கு என்னென்ன கூலி, அக்காமா முடிந்தால் எந்தத் தெரு வழியாகப் போனால் போலீஸ் பிடிக்காது, எல்லாம் அத்துப்படி. உலக ஞானம் என்று எதைச் சொல்கிறார்களோ அது இதுதான் என்று நான் நினைக்கிறேன். பல்கலைக்கழகம் இதற்கு மதிப்பெண் போடாது.

அட்லஸை அவர் முன்னால் விரித்தேன். 'மாமா, பாக்தாத் எங்க இருக்கு காட்டுங்க.'

கண்ணாடி போட்டுக்கொண்டார். அட்லஸை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். விரல் எகிப்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. 'இதுவா?' என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. விரல் கீழே இறங்கிச் செங்கடலுக்குள் போனது. சிரித்துக்கொண்டே, 'படமெல்லாம் யாருடா பாத்தது, ஜன்னல்ல ரெட்டத்தானே பாத்தேன்' என்றார். 'ரெட்டு' என்று அவர் சொல்வது ஜன்னலில் கட்டியிருந்த சாக்குத் துணியை. வெயிலுக்குக் கட்டியது.

அந்த நேஷனல் ஜியாகரபிக் கணிப்பில் உட்காரவைத்திருந்தால் என் மாமா 63இல் ஒருவர்.

இதை எழுதும்போதே கை கூசுகிறது. சிரிக்கத்தான் அட்லஸைக் கொண்டுபோனேன். யாரைப் பார்த்துச் சிரிக்க? வரைபடத்தில் விரல் வைப்பதுதான் உலகம் தெரிவதற்கு அடையாளம் என்று யார் வைத்தது? அந்த ஊரை மேலே இருந்து பார்க்கிறவன் வைத்தது. விமானத்திலிருந்து குண்டு போடுகிறவனுக்கு வரைபடம் வேண்டும். பஸ்ஸில் போகிறவனுக்கு அடுத்த தண்ணீர் எங்கே என்பதுதான் வேண்டும். 'ருவைஷித் இதுல போட்டிருக்கா பாரு' என்று மாமா கேட்டார். தேடினேன், என் அட்லஸில் இல்லை. அவர் பத்தொன்பது நாள் கிடந்த இடத்துக்கு அதில் ஒரு புள்ளிகூட இல்லை.

மாமாவை ஞானியாக்கவும் நான் தயாரில்லை. விளிம்பில் இருக்கிறவன் சொன்னால் எல்லாம் உண்மை என்று நம்மிடையே ஒரு பேச்சு நடக்கிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வங்கதேசத்துத் தொழிலாளிகளைப் பற்றி மாமா சொல்கிற சொற்களை இங்கே எழுத முடியாது. அவர்கள் நம்மைவிடக் குறைந்த கூலிக்கு வந்தார்கள் என்ற கோபம், கீழே இன்னொருவன் இருக்கிறான் என்ற ஆறுதல். சதாம் உசேன் மேல் அவருக்கு இன்றைக்கும் மரியாதை, 'அமெரிக்காகாரன எதுத்தவன்' என்று. 1988இல் ஹலப்ஜாவில் சதாமின் விமானங்கள் விஷவாயு போட்டு ஆயிரக்கணக்கான குர்து மக்களைக் கொன்றதைச் சொன்னேன். 'யாரு அவங்க, குர்து?' என்றார். அவர் போன பஸ் பாதையில் குர்துகள் இல்லை. உழைப்பு தருகிற அறிவுக்கும் ரோடு போட்ட வழிதான்.

அமெரிக்கன் என்று ஒரே ஆள் இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆகணும். 1991 போரில் பாலைவனத்துக்குப் போன அமெரிக்கப் படையில் ஐந்தில் ஒருவர் கறுப்பர். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு நூற்றுக்கு 12தான். கல்லூரிக்குக் காசில்லாமல் படையில் சேர்ந்தவர்கள் அதில் நிறையப் பேர். அவர்களும் ஈராக்கைக் காலால் தெரிந்துகொண்டவர்கள், கையில் துப்பாக்கியோடு. மாமாவும் அவர்களும் சில மாத இடைவெளியில் ஒரே மண்ணை மிதித்திருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளவில்லை.

பார்த்துக்கொண்டவர்களும் உண்டு. ஜோதிராவ் பூலே 1873இல் எழுதிய 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். பூனாவில் உட்கார்ந்து அந்தப் போராட்டத்தைத் தெரிந்துவைத்திருந்தார். அம்பேத்கர் 1946இல் கறுப்பினத் தலைவர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார், நீக்ரோக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுக்கும் மனுவின் படி வேண்டும் என்று. உங்களைப் பற்றி அறிவேன் என்று அவர் பதில் போட்டார். கலிபோர்னியாவில் 1966இல் தோன்றிய கருஞ்சிறுத்தைகளின் பெயரை 1972இல் பம்பாய் தலித் இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். இதெல்லாம் ஹாலிவுட் கொண்டுவந்து சேர்த்த அமெரிக்கா இல்லை. நாம் தேடிப் போய் எடுத்துவந்த அமெரிக்கா.

ஆனால் இங்கேயும் தராசு சமமில்லை. மார்ட்டின் லூதர் கிங் 1959இல் இந்தியா வந்தார். கேரளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினார்களாம். முதலில் அதிர்ச்சியாக, கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது என்று 1965இல் ஒரு பிரசங்கத்தில் அவரே சொல்கிறார். யோசித்துப் பார்த்து, ஆமாம் நான் தீண்டப்படாதவன்தான் என்று ஒப்புக்கொள்கிறார். அந்த எரிச்சலை நான் மதிக்கிறேன், அதை மறைக்காமல் சொன்னதை அதைவிட. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அவரைத் தெரிந்திருந்தது. அவர் அவர்களை அன்றுதான் தெரிந்துகொண்டார். அமெரிக்காவில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் நகரம் சியாட்டில், 2023 பிப்ரவரியில்தான். அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார். ஏற்கனவே உள்ள சட்டமே போதும் என்றார். சாதியை அங்கே கொண்டுபோனவர்கள் கணினிப் படிப்போடு போன நம்மூர் மேல்சாதிகள். அதற்கு எதிரான சொல்லைக் கொண்டுபோனவர்கள் நம் பிள்ளைகள். சாதாரண அமெரிக்கன் நடுவில் நின்று ரெண்டு பேரையும் 'இந்தியர்' என்கிறான். அக்ராபாக்காரர் என்றாலும் ஒன்றுதான்.

அட்லஸை மூடப் போனபோது மாமா தடுத்தார். ஆமிரியா பதுங்கிடத்தைப் பற்றி அவரிடம் அப்போதுதான் சொல்லியிருந்தேன். அந்தச் செய்தி அவருக்குத் தெரியாது. 1991 பிப்ரவரியில் அவர் ஊரில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்.

'பாக்தாத்துல பஸ்ஸு நின்ன எடத்துல ஒருத்தன் குபூஸ் கட வெச்சிருந்தான். டேப்ரெக்கார்டர நீட்டுனேன், வெச்சிக்கினு ரொட்டி குடுன்னு. வாங்கல. ரொட்டியக் கட்டிக் குடுத்துட்டுப் போன்னுட்டான். பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் கடைக்குப் பின்னாலயே இருந்தாங்க.' கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். 'நீ சொன்னியே, அந்த ஆமிரியா. அது டவுனுக்கு எந்தப் பக்கம்?'

'மேக்கால மாமா.'

'மேக்கன்னா அம்மான் போற ரோடு. எங்க பஸ்ஸு அந்தப் பக்கந்தான் போச்சி' என்றார்.